மாதிரிக்கு எடுத்த நாகபாசம்

வீணையில் தந்திகளின் கீழ் நுனியைப் பிடித்துக் கட்டும் பித்தளைத் துண்டுக்கு நாகபாசம் என்று பெயர். குடத்தின் ஓரத்தில் திருகி வைத்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கச்சேரியில் யாரும் அதைப் பார்த்துத் தலையாட்டியதில்லை. என்னிடமிருந்து களவு போன ஒரே சாமான் அதுதான். களவு என்று சொன்னால் என் அகத்துக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும்.

அவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உத்தியோகம். குவார்ட்டர்ஸ் அங்கேயே. மாற்றலாகிப் போன ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் தன்னிடமிருந்த பான்ஜோவை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கஞ்சிரா போலத் தோல் போர்த்திய வட்டம், அதிலிருந்து நீளும் ஒரு கழுத்து, நாலு கம்பி. முதல் நாள் அவர் வாசித்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி, ஈயம் பூசுகிறவன் வந்துவிட்டான் என்று பாத்திரங்களோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

அவருக்கு அவமானமாகிவிட்டது. தோலை இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். கம்பிகளைத் தாங்கும் குதிரையை முன்னே நகர்த்தினார், பின்னே நகர்த்தினார். தகரச் சத்தம் போகவில்லை. நான் அடுப்படியிலிருந்து எத்தனை நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பது? கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து வீணையோடு கிடந்தவளுக்குக் கண் போகிற இடம் ஒன்று உண்டு. அதன் வாலைப் பார்த்தேன்.

அதற்கும் ஒரு நாகபாசம் இருந்தது. மெல்லிய தகடு, நீளமாகக் குதிரையின் கிட்டே வரைக்கும் வந்து கம்பிகளை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு அமுக்குவது என்பதற்கு ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகு முழுக்க இறங்கியிருந்தது. குதிரை தோலை அழுத்து அழுத்தென்று அழுத்த, சத்தம் சுரீரென்று கிளம்பி உடனே செத்துப்போயிற்று. திருகைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். நாதம் உருண்டது, கொஞ்சம் நின்றது. இன்னும் தளர்த்தினால் குதிரைக்குப் பிடிமானம் போய், தடித்த கம்பி ஜிர்ரென்று அதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அங்கே நிறுத்தினேன்.

"இது பான்ஜோதானா?" என்றார் அவர்.

"இன்னும் நன்னா வரும்" என்றேன் நான், என் போதாத காலம். "இந்தத் தகடு சோனி. இதைவிடக் குட்டையா, கனமா ஒண்ணு இருந்தா குதிரைக்குப் பின்னால கம்பிக்கு இடம் கிடைக்கும். கார்வை வரும், நாதம் நின்னு பேசும். என் வீணையோட நாகபாசம் மாதிரி."

மாதிரி. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம்.

திருச்சியில் ரேடியோ நிலையம் வந்த புதிது அது. வந்து வாசித்துக் காட்டுங்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்போது நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. "பெத்துப் பொழைச்சு வா, நானே அழைச்சுண்டு போறேன்" என்று அவர் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு நான் வீட்டுச் சுவர்களுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே அந்தப் பேச்சை மடியில் முடிந்துகொண்டு பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்துப் பிறந்தகம் போனேன். ஜட்கா வண்டியில் வீணையை ஏற்ற பயமாக இருந்ததால் குவார்ட்டர்ஸிலேயே உறை போட்டு வைத்தேன்.

"ஒரு ஈ உக்காராம பாத்துக்கறேன்" என்றார்.

ஈ உட்காரவில்லை. அது உண்மை.

சித்திரை வீதியில் எங்கள் எதிர் வீட்டில் ரேடியோ இருந்தது. குழந்தை பிறந்து தீட்டெல்லாம் கழிந்த பிறகு ஒரு சாயங்காலம் எதிர் வீட்டு மாமி ஓடி வந்தாள். "உன் ஆம்படையான் வாசிக்கறாராம், வா, வா!" குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பான்ஜோ என்று சொன்னால் நம்ப முடியாது, அப்படியொரு நாதம். விட்ட இடத்தில் நின்று, மெல்லத் தேய்ந்து, அடுத்த ஸ்வரத்துக்குக் கை கொடுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்கப்பாடா" என்று குழந்தையின் காதில் சொன்னேன். சொல்லிவைத்தபடி கனமாக ஒன்று செய்து போட்டுவிட்டார் போலிருக்கிறது, கெட்டிக்காரர் என்று நினைத்தேன். அந்தக் கார்வையில் எங்கேயோ பழகிய ஒன்று இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. அன்றைக்குப் பூரிப்பில் அதற்கெல்லாம் நேரமில்லை.

பொன்மலைக்குத் திரும்பிய அன்றே, குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு வீணையின் உறையைக் கழற்றினேன். தந்திகளையெல்லாம் சுருட்டி ஒரு நூலால் அழகாகக் கட்டியிருந்தது. குடத்தின் ஓரத்தில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"என்னன்னா இது?"

"எது?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாகபாசம் எங்கே?"

"ஓ, அதுவா. மாதிரிக்கு எடுத்துண்டு போனேன். நீதானே சொன்னே?"

ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு மாதிரி என்றால் வேறு அர்த்தம். ஒரு சாமான் புதிதாக வார்க்க வேண்டுமானால் பழையதை மாதிரிக்குக் கொண்டுபோவார்கள்; அதைப் பார்த்து அச்சு எடுத்து வார்ப்பார்கள். ஆகவே பாதி நம்பினேன். "வார்த்தாச்சோல்லியோ, என்னோடதைத் திருப்பிப் போட்டுடுங்கோ" என்றேன். அவர் எழுந்து போய் பான்ஜோவையே கொண்டு வந்தார். அதன் வாலில் என் நாகபாசம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகளைக் கட்டும் பாகத்தை அறுத்து எடுத்து, விளிம்பை அரத்தால் ராவி, நடுவில் அந்தச் சின்னத் திருகுக்காகப் புதிதாக ஓர் ஓட்டையும் போட்டிருந்தது. நாலு கம்பிக்கு நாலு இடம் மிச்சம். வேலை சுத்தமான வேலை.

"வார்க்கக் கொடுக்கறதுக்குள்ள, ரயில்வே கிளப்புல கேட்டவா சொல்லி ரேடியோவில ப்ரோக்ராம் வந்துடுத்து. சும்மா மாட்டிப் பார்த்தேன், என்னமா பேசித்து தெரியுமோ! யுத்தம் முடிஞ்சு பித்தளை கிடைக்கட்டும், உனக்குப் புதுசே பண்ணித் தரேன்."

பிரசவத்துக்குப் பிறகு என்று ரேடியோ நிலையத்தில் எனக்குக் கொடுத்திருந்த நாள் அடுத்த வாரம். அது அவருக்கும் தெரியும். இரவல் வீணை கேட்டு வாங்கலாமா என்றேன். "குழந்தையை யார் பாத்துப்பா?" என்றார். அப்போதுகூட, ஆசைப்பட்ட பொருளைக் கண்டால் நிதானம் இழக்கிற மனுஷர், வேறு கல்மிஷம் இல்லை என்றுதான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் அவ்வளவு அசடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார். கிளப்பில் இவர் வாசிப்பை முதலில் கேட்டவர். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன்.

"சார் வாசிப்பைப் பத்தித்தாம்மா இப்ப எங்க கிளப்புல பேச்சு" என்றார் அந்த நல்ல மனிதர். "எப்படிங்க இந்த நாதம் வந்துச்சுன்னு கேட்டேன். வீட்டுல பழைய வீணை ஒண்ணு, வாசிக்க ஆளில்லாம சும்மா கிடந்துச்சு, அதுலேருந்து எடுத்தேன்னு சொன்னாரு. என்ன மூளை பாருங்க!"

நான் உள்ளே போனேன். குழந்தையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, அந்த மொட்டை வீணையை மறு கையால் அணைத்துத் தூக்கி வந்து அவர்கள் நடுவில் வைத்தேன்.

"வாசிக்க ஆளில்லாத வீணை இதுதான்" என்றேன்.

வந்தவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். என் அகத்துக்காரர் சிரித்தார். கோபச் சிரிப்புகூட இல்லை, ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"சரி, உள்ளதைத்தானே சொன்னேன்? நீ இனிமே கையும் குழந்தையுமா எங்கே வாசிக்கப்போறே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதிரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் ஸ்ரீரங்கத்துக்கு வண்டி ஏறும்போதே என் வாசிப்பின் கணக்கை அவர் முடித்துவிட்டார். அறுப்பதற்குமுன் அவருக்குக் கை கூசியிருக்காது. யாருக்கும் வேண்டாத பொருளை அறுக்க யாருக்குத்தான் கூசும்? எதிர் வீட்டு ரேடியோவில் எனக்குப் பழகியதாகத் தோன்றியது என் வீணையின் நாதம். அதைக் கேட்டுப் பிள்ளையின் காதில் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரேடியோ நிலையத்துக்குப் போக வேண்டிய நாள் வந்தது, போயிற்று. அன்று துணி துவைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் பான்ஜோவோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். மறுநாள் அவருக்கு மறுபடியும் ப்ரோக்ராம்.

"வாலு எங்கேயோ தளர்ந்துடுத்து போலிருக்கு. தடிக் கம்பி ஜிர்ருங்கறது. இறுக்கினா தகரமாயிடறது. அந்த நடு இடம் நேக்குப் பிடிபடலை. கொஞ்சம் பாரேன்."

நான் சாதத்தை வடித்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"அதுக்கென்ன?" என்றேன். "என்னை மாதிரிக்கு வெச்சுண்டு இன்னொருத்தியை வார்த்துக்கோங்கோ."

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு ரேடியோவில் அவர் வாசித்தார். பாட்டு முழுக்கத் தடிக் கம்பி ஜிர்ரென்று அதிர்ந்தது. மாமிக்குத் தெரியவில்லை, நன்றாக இருக்கிறது என்றாள். நான் எழுந்து வராமல் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன்.