நேரமில்லாதவர்களுக்கு மாஸ்டர் செக்கப்

மற்ற வார்டுகளில் நோயாளிகள் டாக்டரைத் தேடி வருவார்கள். எங்கள் மாஸ்டர் செக்கப் பிரிவில் மட்டும், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற பெரிய மனிதர்களை நாங்கள் துரத்திப் பிடிக்க வேண்டும். குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸ். போனில் கெஞ்சி நாள் வாங்குவதும் நான்தான், வந்தால் ஊசி குத்துவதும் நான்தான். "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்பதைக் கேட்டே காது புளித்துப்போன சக ஜீவன்களே, வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

ஆள் மாறாட்டம்

ஃபெர்ன்ஹில் பக்கம் ஓட்டல் முதலாளி ஒருவர். சீசன் முடியட்டும், மழை விடட்டும் என்று என்னை இழுத்தடித்து, ஒருவழியாக ஒரு நாள் ஒப்புக்கொண்டார். சொன்ன நேரத்துக்கு அவர் கார் வந்தது. இறங்கியது டிரைவர். நேராக வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கையை நீட்டினார். முதலாளி எங்கே என்றேன். அவருக்குப் பதிலாகத்தான் தான் வந்திருப்பதாகச் சொன்னார். வந்த கோபத்தில் ஊசியைத் தட்டில் டக்கென்று வைத்தேன். அவரோ நிதானமாகச் சமாதானம் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். ஐயாவுக்கும் எனக்கும் ஒரே பி பாசிட்டிவ்தானுங்க."

வெறும் வயிறு

மல்லிகா மேடம் தேயிலை ஏலக் கம்பெனி டைரக்டர். எஸ்டேட்டுகளிலிருந்து வருகிற தேயிலையை ருசி பார்த்து, இன்ன விலை போகும் என்று சொல்பவர். அவர் நாக்குக்கு மலை முழுக்க மரியாதை. அப்பேர்ப்பட்டவர் என் வலையில் விழுந்ததே அதிசயம். சாப்பிடாமல் வந்தீர்களா என்றேன். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்றார். பேச்சோடு பேச்சாக, காலையில் ஒரு மேஜை நிறைய டீயை ருசி பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னார். தலையில் கை வைத்துக்கொண்டேன். ரத்தம் எடுக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றதும் அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"முழுங்கினாத்தானே அம்மிணி சாப்பாடு? நான் உறிஞ்சிப் பார்த்துட்டு அத்தனையும் துப்பிட்டனே."

தாடை வலி

மறுநாள் மேடம் டீயைத் தொடாமலே வந்தார். ரத்தம் எடுத்தாயிற்று. நெஞ்சு வலி உண்டா, மூச்சு வாங்குமா என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் இல்லை என்றார். டிரெட்மில் சோதனைக்காக ஷூ மாட்டும்போதுதான், தாடை மட்டும் வலிக்கும், டீயை உறிஞ்சி உறிஞ்சி வந்த தொழில் வலி என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ருசி பார்க்கும்போதா வலிக்கிறது என்று கேட்டார். மேடம் யோசித்துப் பார்த்தார். அப்போது வலிப்பதில்லையாம். ஆபீஸ் மேட்டில் ஏறும்போது வருமாம், நின்றால் போய்விடுமாம்.

டாக்டர் ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டு ஈசிஜி எடுக்க வைத்தார். அதிலும் கோளாறு. இதய வலி சிலருக்குத் தாடையில் வரும், இன்றைக்கே கோயமுத்தூர் போயாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றைக்கு ஏலம் வேறு. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லத்தான் போகிறார், காலில் விழுந்தாவது அனுப்பிவிட வேண்டும் என்று தயாராக நின்றேன். மேடம் உதவியாளரைக் கூப்பிட்டு ஏலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு போனை அணைத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். என்ன மனுஷி! போனை வாங்கிக்கொண்ட என்னிடம் சொன்னார்:

"சரக்கு மட்டம்னு நான் சொன்னா எஸ்டேட்காரங்க மறுபேச்சு பேசறதில்லை அம்மிணி. டாக்டர் சொல்லும்போது நான் மட்டும் பேரம் பேசலாமா?"

வேன் நிறைய மேனேஜர்கள்

மேடத்துக்கு இதய ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். தேறி வந்ததும் முதல் வேலையாக, தன் கம்பெனி மேனேஜர்களை ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். நான் ஒருத்தருக்குக்கூட போன் செய்யவில்லை! கையெடுத்துக் கும்பிட்டேன், பொய்யில்லை. மேனேஜர்கள் மட்டும் ஒரே முனகல். தான் இல்லாவிட்டால் ஆபீஸே ஓடாது என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் இல்லாமயே ஏலம் நடந்துது. எப்பவும்விட நல்ல விலைக்கே போச்சு. அதையே நான் தாங்கிக்கிட்டேன், ஒரு ஊசியை நீங்க தாங்க மாட்டீங்களா?"

சக ஜீவன்களே, நாம் வேலையை ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாததற்கு நன்றி சொல்ல, மேடத்தைத் தவிர எந்தப் பெரிய மனிதருக்கு நேரமிருக்கிறது?