குளிர்காலத்துக்குக் கிடைத்த வேலை

ஐப்பசி முடிவில் என் கணவர் புல் வெட்டும் மெசினைக் கழுவி நிலவறைக்குள் பூட்டிவிட்டு வந்தால், அதன் பிறகு வசந்தம் வரும்வரை எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும்.

ஒரு நோர்வேக்காரரிடம் பல வருடம் முற்றங்களுக்குக் கல் பதித்துவிட்டு, பிறகு சொந்தமாக ஒரு வான் வாங்கித் தோட்ட வேலை தொடங்கியவர் அவர். கோடையில் சாப்பிடவும் நேரமிராது. குளிர் வந்து மண் இறுகியதும் ஒரு வேலையும் இராது. பனி அள்ளும் வேலை கேட்டுக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஏறி இறங்கினார். ட்ராக்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். இவரிடம் கையால் தள்ளிக்கொண்டு போகும் சின்ன மெசின்தான் இருந்தது. ஒஸ்லோவின் ஓரம், ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டு யன்னலோரம் நின்று, கீழே வேறொருவர் பனி தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறிவிடும்.

அப்படி ஒரு குளிர்காலத்தில், கோடையில் இவர் வேலிச்செடி வெட்டிக் கொடுத்த வயதான நோர்வேப் பெண் ஒருவர் இவருக்குப் போன் எடுத்தார். வீட்டை விற்றுவிட்டுத் தூரத்து நகரமான ஸ்தவாங்கரில் மகளோடு போய் இருந்தார். அவருடைய கணவரின் கல்லறை ஒஸ்லோவில் இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் அதன்மேல் பச்சைக் கிளைகளைப் பரப்பி ஒரு விளக்கு ஏற்றிவைக்க முடியுமா என்று கேட்டாராம்.

"உங்களுக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ? சவக்காலையிலை போய் விளக்குக் கொளுத்தப் போறியளோ?" என்றேன்.

"அதுவும் தோட்டம்தானப்பா. நீர் ஒருக்கா வந்து பாரும்."

"நான் வரமாட்டன். நீங்களும் தலை முழுகிப்போட்டுத்தான் குசினிக்கை வரவேணும்."

சொன்னபடியே செய்தார். இருட்டிய பிற்பகலில் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். தோய்ந்துவிட்டு வந்த பிறகும் கையில் கிளைகளின் பிசின் மணத்தது.

அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து அந்தப் பெண் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் தூர இடங்களில் இருந்த பலர் கூப்பிட்டார்கள். தனியாகச் செய்து முடிக்க அவரால் இயலவில்லை. மனமில்லாமல்தான் நானும் வானில் ஏறினேன்.

முழங்காலில் இருந்து, கல்லின் மேலுள்ள பனியைக் சின்னத் துடைப்பத்தால் மெல்லத் தட்டுவார். பெயர் தெரியும்வரை கையுறையால் துடைப்பார். கிளைகளின் காம்பு வெளியே தெரியாதபடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். விளக்கை வைத்தபின் நோர்வேஜிய மொழியில் மெதுவாக நத்தார் வாழ்த்துச் சொல்லுவார்.

"ஆருக்குச் சொல்லுறியள்?"

"இதுக்கை இருக்கிறவருக்குத்தான்."

நான் நினைத்த மாதிரி அது பயப்படும் இடமாக இருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைச் சறுக்குப் பலகையில் இருத்தி இழுத்துக்கொண்டு குடும்பங்கள் வந்தன. இருட்ட இருட்ட, வெள்ளைப் பனியில் நூற்றுக்கணக்கான விளக்குகள். நாங்கள் வானுக்குள் இருந்து, நான் கொண்டுபோன வடையைச் சாப்பிட்டோம். அன்றைக்கு அவர் நிறையக் கதைத்தார். அடுத்த குளிருக்கு ஆப்பிள் மரக் கிளை வெட்டும் வேலையும் பிடிக்கலாம் என்றார்.

அடுத்த கோடையில் சாப்பாட்டைக் குறைத்தார். கல் தூக்கினதால் வந்த முதுகு நோவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கணையத்தில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது, செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி எங்கள் மகளிடம் சொன்னார்:

"எனக்குக் கல்லறை வேண்டாம் பிள்ளை. கடலிலை விடுங்கோ. எனக்காக ஒருத்தரும் குளிருக்கை நிண்டு பனி தட்டக்கூடாது."

இலையெல்லாம் கொட்டி முடிந்த நேரத்தில் போனார். மகள் அனுமதி எடுத்தாள். ஒரு சின்னப் படகில் போய்ச் சாம்பலை விட்டோம். தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கியிருந்தது. பிறகு மற்ற இடங்களைப் போலவே ஆகிவிட்டது.

மார்கழி தொடங்க அவருடைய போன் அடித்தது. ஸ்தவாங்கர்ப் பெண். எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் விசயத்தைச் சொன்னேன். தன் பேத்தி ஒஸ்லோவில் படிக்கிறாள், என் கணவர் எங்கே இருக்கிறார் என்று சொன்னால் அவளை அனுப்பி ஒரு விளக்கு வைப்பிக்கிறேன் என்றார்.

"கடலில்" என்றேன். போனை வைத்துவிட்டு, செத்தவீட்டில்கூட அழாத அளவுக்கு அழுதேன்.

"அம்மா, இந்த முறை ஏலாது எண்டு எல்லாருக்கும் மெசேஜ் போட்டுவிடுறன்" என்றாள் மகள்.

"வேண்டாம். அவை நம்பிக்கொண்டிருக்கினம். நாங்கள் செய்வம்."

செய்தோம். நான் அடுக்கிய கிளைகள் வழுகி விழுந்துகொண்டே இருந்தன. ஒரு கல்லறையில் மூன்றாம் முறையும் சரிந்தபோது, மகள் என்னை எழுப்பி ஓரமாக நிற்க வைத்துவிட்டுத் தானே அடுக்கினாள். அவருக்கு இருந்த கை எங்கள் இருவருக்குமே இல்லை.

வசந்தத்தில் வானையும் மெசின்களையும் ஒரு போலந்துக்காரருக்கு விற்றோம். வேலிச்செடி வெட்டக் கூப்பிட்டவர்களுக்கு, அவர் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டியிருந்தது. கல்லறை வேலை மட்டும் என்னிடம் தங்கியது. அதுவும் வருடாவருடம் குறைகிறது. ஸ்தவாங்கர்ப் பெண்ணும் போய்விட்டார். இனித் தேவையில்லை, நன்றி என்று அவருடைய மகள் எழுதியிருந்தார்.

இப்போது நான் மெட்ரோவில்தான் போகிறேன். போன நத்தாருக்கு முன்னர், கிளைகள் நிறைந்த பெரிய பையோடு ஏறினேன். பக்கத்தில் இருந்த இளம் பெண் என் பொட்டைப் பார்த்துவிட்டு இந்தியத் தமிழில் கேட்டாள்:

"என்னங்க ஆன்ட்டி, ஏதாவது பூஜைக்கா?"

"ஓம் பிள்ளை, அப்பிடித்தான்" என்றேன்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கிளைகளில் ஒட்டியிருந்த பனி உருகி என் சப்பாத்தின்மேல் சொட்டியது.