கூடுதலாக ஓர் இரவு

என் அக்கா சன்மாயா முதல் சுமையைத் தூக்கியபோது அவளுக்குப் பதினேழு வயது. நெற்றியில் சுமைப்பட்டை, முதுகில் கூடை, கூடைக்குள் யாருடைய அரிசியோ, யாருடைய கூடாரமோ. நான் காட்மாண்டுவில் பட்டம் வாங்கும்வரை அந்தக் கூடை இறங்கவில்லை. பிறகு சமையல்காரி ஆனாள், துணை வழிகாட்டி ஆனாள். இந்தத் தசைன் பண்டிகை முடிந்ததும் முதன்முறையாக ஒரு குழுவுக்குத் தலைமை வழிகாட்டி. எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அது வாய்த்ததில்லை.

அவளைப் பற்றி நான் மட்டும் அறிந்த ஒன்று உண்டு. போன வருடம் இதே பருவத்தில் அவளுக்கு உதவியாளாகப் போயிருந்தேன். நாலாயிரத்து அறுநூறு மீட்டரில், மேல் முகாமில், அதிகாலையில் அக்கா காலணிகளை மாற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது காலில் இடது. என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். அம்மா இறந்து ஒன்பது வருடம். எழுந்து நின்றவள் குடித்தவளைப்போலத் தள்ளாடினாள். லேக் பிடித்திருந்தது. உயரம் தலைக்கேறுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்குத்தான் முடியவில்லை என்று மற்றவர்களிடம் பொய் சொல்லி, அவளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஐந்நூறு மீட்டர் இறங்கியதும் தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யார்கிட்டயும் சொல்லாதே."

வெளிநாட்டுக்காரருக்கு லேக் பிடித்தால் அது நோய். மலையில் பிறந்த எங்கள் தாமாங் இனத்து ஒருத்திக்குப் பிடித்தால் அது சிரிப்பு. எங்கள் ஊரும் இரண்டாயிரம் மீட்டரில்தான் இருக்கிறது என்பதையும், நாலாயிரம் எங்களுக்கும் அந்நியம்தான் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை.

இந்த முறை நான் மேலே போவதாக இல்லை; திட்டத்தை எழுதியது மட்டும் நான். ஆறு ஜெர்மானியர்கள் முந்தின நாளே வந்து விடுதியில் இறங்கியிருந்தார்கள். கிளம்ப இன்னும் ஒரு நாள் இருந்தது; மறுநாள் காலை தொடங்கி எட்டு நாள் நடை. அன்று காலையிலிருந்து மலைநடை நிறுவனத்தின் முற்றத்தில் சுமைகளை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். உத்தரத்தில் தொங்கிய வில் தராசில் ஒவ்வொரு கூடையாக மாட்டி, எடையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான் கைலா. சுமைக்காரர்களில் மூத்தவன், வாய்க்காரன். போன வாரத் தசைனில் வைத்த டீகாத் திலகத்தின் சிவப்பு அவன் நெற்றியில் இன்னும் முழுதாகப் போகவில்லை.

முதலாளி பிர்பகதூரை எல்லாரும் தாஜு, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் தாளைக் கையில் எடுத்தார். கேட்காமலே பேனாவால் ஒரு வரியை அடித்தார்.

"தாஜு, என்ன அடிச்சீங்க?"

"மேய்ச்சல்வெளியில எதுக்கு ஒரு ராத்திரி? நாலாம் நாள் மடத்துல தூங்குறாங்க. அஞ்சாம் நாள் நேரா மேல் முகாம். ஆறாம் நாள் கணவாய்."

"மடம் மூவாயிரத்து எண்ணூறு. ஒரே நாள்ல எண்ணூறு மீட்டர் ஏத்தக் கூடாது, தாஜு."

"தெரியும்மா, மென்டோ. ஏழாம் நாள் பனின்னு ரேடியோவுல சொல்றான். உன் கணக்குப்படி போனா பனி அன்னைக்குத்தான் கணவாய்ல நிப்பாங்க. அது பரவாயில்லையா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கைலா தராசை விட்டுத் திரும்பினான். "படிச்ச பொண்ணுக்கு மேல் முகாம்னாலே பயம் தாஜு. போன வருஷம் அக்கா முதுகுலதானே சாஞ்சுக்கிட்டு எறங்குச்சு! இந்தத் தடவையும் வந்தேன்னா புஸ்தகத்தையும் தூக்கிட்டு வா மென்டோ, தலைக்கு வச்சுப் படுக்கலாம்."

முற்றமே சிரித்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மண்ணெண்ணெய் டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். இறுகிய மூடியையே மறுபடியும் இறுக்கினாள்.

"சன்மாயா, நீ சொல்லு. நீதானே கூட்டிட்டுப் போற. நடுவுல ஒரு ராத்திரி வேணுமா?" என்றார் பிர்பகதூர்.

அந்த ஓர் இரவுக்காக எத்தனை வழிகாட்டிகளோடு அக்கா சண்டை போட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இன்று கேட்டால் ஏன் என்று துருவுவார்கள், போன வருடக் கதை வெளியே வரும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"வேணாம் தாஜு. ஏறிடலாம்."

ஆறு பேர், ஏழு சுமைக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் காலணி மாற்றி மாட்டிய ஒருத்தி. யாராவது தள்ளாடினால், லேக்கா என்று அறிய, தரையில் கோடு போட்டு நடக்கச் சொல்வது தலைமை வழிகாட்டியின் வேலை. தலைமை வழிகாட்டியே தள்ளாடினால் கோட்டை யார் போடுவது? மறுபக்கம், இந்த முற்றத்தில் நான் வாயைத் திறந்தால் அவளுடைய பதினாறு வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். அவள் சுமந்த கூடையில் படித்த வாயால். அவளைக் காப்பாற்ற நினைக்கிறேனா, இல்லை இவ்வளவு நாள் வாங்கிய கேலியை இறக்கிவைக்கப் பார்க்கிறேனா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

"போன வருஷம் லேக் பிடிச்சது எனக்கில்ல, தாஜு" என்றேன். "அக்காவுக்கு."

தராசுக் கொக்கியில் கூடை ஆடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லுது" என்றான் கைலா. அவன் குரலில் கேலி இல்லை. அக்கா மறுப்பாள் என்று காத்திருந்தான்.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். "நெசம்தான். ஷூவைக்கூட மாத்தி மாட்டிக்கிட்டேனாம். எனக்கு நெனப்பில்ல. இவதான் இழுத்துட்டு வந்தா."

பிர்பகதூர் தாளில் சன்மாயாவின் பெயர்மேல் பேனாவை வைத்தார். பிறகு கைலாவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றான் கைலா. "நான் தலைமையெல்லாம் போக மாட்டேன். நானும் மேல ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு, பழைய முள்ளங்கி தின்னதாலன்னு சொல்லியிருக்கேன்."

"முள்ளங்கியா!" பிர்பகதூர் சிரித்துவிட்டார். உடனே முகம் இறுகியது. "அந்த ராத்திரி வேணும்னா பனிக்கு என்ன செய்ய?"

"இன்னைக்கே கிளம்பணும்" என்றாள் அக்கா. இப்போதுதான் அவள் குரல் வழிகாட்டியின் குரலாக இருந்தது. "மத்தியானத்துக்குள்ள கிளம்பினா பொழுது சாயுறதுக்குள்ள முதல் ஊர். ஒரு நாள் கையில வந்துரும். ஜெர்மன்காரங்கள எழுப்புங்க. கைலா, தராசு போதும், கட்டு!"

"தலைமை நீதானா?" என்றார் அவர்.

"நீங்கதான் சொல்லணும், தாஜு."

அவர் அடித்த வரியை மறுபடி எழுதினார். அதன் கீழே, மேய்ச்சல்வெளியிலும் மேல் முகாமிலும் காலையும் மாலையும் சன்மாயா எல்லார் முன்னாலும் கோட்டில் நடக்க வேண்டும், ஒரு அடி தவறினாலும் குழு அப்படியே இறங்க வேண்டும் என்று எழுதினார். அவளுடைய பெயரை அடிக்கவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் அக்கா என்னோடு பேசவில்லை. என்னைக் கடந்து போனாள், என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். எல்லாக் கூடைகளும் கட்டி முடிந்தபின் தன் பழைய கம்பளிச் சட்டையை என்மேல் எறிந்தாள்.

"போட்டுக்கோ. தாள்ல உன் பேரையும் எழுது."

"நானா? எதுக்கு?"

"கோட்டுல நேரா நடந்துட்டு அப்புறமும் நான் ஒளறலாம். என் மூஞ்சி எப்ப மாறும்னு இதுல யாருக்குத் தெரியும், உன்னைத் தவிர?" நெற்றிப் பட்டையைச் சரிசெய்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன்மேல கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதே. வேகமா வா."