தண்ணீருக்குப் போட்ட ஸ்பிரிங்

போன மழைக்கு முந்திய மழையில், அடையாறு வீட்டு வாசலிலேயே என் காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சைதாப்பேட்டை மெக்கானிக்கிடம் சொல்லி, கெட்டியான ஸ்பிரிங் போட்டுக் காரை உயர்த்தினேன். அடுத்த மழையில் எங்கள் தெருவில் ஓடியது என் கார் மட்டும்தான். அந்தத் திமிரில் அதே காரில் மனைவியோடு மணாலிக்குப் பனி பார்க்கக் கிளம்பினேன்.

"சார், இது தண்ணிக்குப் போட்டது. பனில வண்டி எகிறும், டயரு தரையப் புடிக்காது. கம்பெனில வந்த ஸ்பிரிங்கு என்கிட்டதான் கீது, மாட்டிக்கினு போ சார்," என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை.

மணாலியைத் தாண்டி ஓர் இறக்கம். உறைந்து மேடும் குழியுமாகக் கிடந்த பனியில், கார் குதித்துக் குதித்துப் பள்ளத்தாக்குப் பக்கம் சறுக்கியது.

"ஏங்க, பிரேக்கப் போடுங்க!" என்று அலறினாள் என் மனைவி.

நான் அதைத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். சாலையோரம் ஒதுக்கிவைத்திருந்த பனிக்குவியலில் முட்டித்தான் கார் நின்றது. அதற்கு அப்பால் சாலை இல்லை.

இப்போதெல்லாம் எந்தச் சாலைக்குப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஸ்பிரிங்கை முடிவு செய்கிறோம். பனி என்றால் பழைய ஸ்பிரிங்கும் பனிக்கான டயரும்தான். மெக்கானிக்கிடம் பேசுவது என் மனைவி. நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு.