வளையலும் பெயிண்டும்

எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவள் நாகஜோதி, பழனிசெட்டிபட்டிக்காரி. அவளுடைய பழைய கிடாரில் வலது முன்கை படியும் விளிம்பில் வளையல் உரசி உரசி, பெயிண்ட் போய்க் கட்டை தெரிந்தது. அதனால் புதுக் கிடார் வாங்கியதிலிருந்து, மேடை ஏறும் முன் வளையல்களைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவாள். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிடாரில் படிந்த வேர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பாள். பெல்ட் பக்கிளால் தன் கிடாரின் முதுகையே கீறி வைத்திருக்கும் எங்கள் திலீபனை எவனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவளை மட்டும் 'வளையல் எங்கே' என்று ஊருக்கு ஊர் கேட்கிறார்கள்.

போன மாதம் மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு திருவிழா. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் தன் புது பைக்கை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏ ஆத்தா, கல்யாணமான புள்ள வெறுங்கையோட அம்மன் முன்னாடி நிக்கலாமா? வளையலப் போடு."

"கிடாரு கீறிரும்ண்ணே."

"வெறும் கட்டைதான? கீறுனா கீறிட்டுப் போகுது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மனே கேட்காததைக் கேட்க இவர் யார்? கீபோர்டை விட்டு எழுந்தேவிட்டேன். நாகஜோதி என்னைக் கையமர்த்தினாள். வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். நேராகப் போய் அந்த பைக்கின் டேங்க் மேல் முன்கையைச் சாய்த்து வைத்தாள்.

"ஏத்தா, கைய எடு! பெயிண்டு போயிரும்!" என்று அலறிக்கொண்டு ஓடினார் அவர்.

"வெறும் தகரந்தானண்ணே" என்றாள் நாகஜோதி.