முயல் ஷிஃப்டுக்குப் போன புத்தகம்

பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணும் அவள் புருஷனும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவள் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கிறாள். பொழுது வெளுப்பதற்கு முன்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தூங்குகிற பிள்ளையை என் பாயில் கிடத்திவிட்டு ஓடுவாள். நாலு வயதுப் பெண் குழந்தை. அம்மா என்னை "அத்த" என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் "அத்த" என்றே கூப்பிடும்.

என் பிள்ளைகள் பெங்களூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரரும் இல்லை. அந்தக் குழந்தை வரத் தொடங்கிய பிறகுதான் மத்தியானத்துக்கு உலை வைக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த திருட்டுத்தனத்துக்கு அதுதான் காரணம்.

போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்த, ஜூன்ல இவள ஸ்கூல்ல சேக்கணும். அங்க இங்கிலீஷும் கன்னடமும்தான் சொல்லித் தருவாங்க. தமிழ் எழுத்து வூட்லதான் வரணும். நாங்க வர்றதுக்குள்ள இவ தூங்கிடறா. நீங்க தினம் ஒரு படப் புக்கு எடுத்து, எழுத்து மேல விரல வெச்சு, சத்தமா படிச்சுக் காட்டுங்க, போதும்."

நான் பாயின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள். "உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லிடுங்க. ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ப்ளே ஸ்கூல் இருக்குது, அங்க விட்டுடலாமான்னு அவரு கேக்கறாரு."

"ப்ளே ஸ்கூலு எதுக்கு? நான் படிக்கறேன், போ" என்றேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோனது. கையெழுத்துப் போடுவேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். அவ்வளவுதான். ஆனால் எங்கள் லைனில் யாருக்கும் அது தெரியாது. பெண்கள் சங்கக் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவள் நான். படிக்க வராது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னை யாரும் கேட்டதும் இல்லை.

மறுநாளே குழந்தையைக் கூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை கடைவீதிக்குப் போனேன். புத்தகக் கடையில் கண்ணுக்கு நேரே இங்கிலீஷும் கன்னடமும் இருந்தன. தமிழ்ப் படப் புத்தகங்கள் கீழ்த்தட்டில் ஒரு ஓரமாக இருந்தன. இருப்பதிலேயே பெரியதாக, பளபளப்பாக ஒன்றை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து நிறைந்திருந்தது. நிறைய எழுத்து இருந்தால் நல்ல புத்தகம் என்பது என் கணக்கு. குழந்தையின் அம்மா பார்த்தாலும் மதிப்பாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து, விரலை வைத்து ஆரம்பித்தேன். மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டேன். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வது? படத்தைப் பார்த்தேன். ஒரு முயல் கையில் விளக்கோடு ஒரு குழிவாயில் நிற்கிறது. மண்ணை வெட்டிக் காட்டியதுபோல் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக அறைகள், நடுவே ஏணி. வேறு ஊர்க்காரிக்கு அது என்னவாகத் தெரியுமோ, எனக்குத் தெரியாது. புருஷனையும் மாமனாரையும் காலமெல்லாம் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியவளுக்கு அது ஷாஃப்ட்தான், ஆட்களைக் கேஜ் என்ற கூண்டில் வைத்து இறக்கும் குழி.

"முயலு நைட் ஷிஃப்டுக்குப் போச்சு. டோக்கன் குடுத்துச்சு. வெளக்கு வாங்கினுச்சு. கேஜ்ல ஏறி பத்தாவது லெவலுக்கு எறங்கிச்சு" என்று படித்தேன். அடுத்த பக்கத்தில் முயல் கேரட் மூட்டை தூக்கிக்கொண்டு போனது. அதை டிராலியில் ஏற்றி மேலே அனுப்பினேன். விரல் மட்டும் எழுத்துமேல் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது.

குழந்தைக்கு அது பிடித்துப்போனது. மறுநாளும் அதே புத்தகம்தான் வேண்டும் என்றது. நானும் படித்தேன். முயல் ஏழாவது லெவலில் இறங்கியது.

"பேட அத்த, பேட!" வேண்டாம் என்பதை அது கன்னடத்தில்தான் சொல்லும். "பத்தாவது லெவலு!"

"ஆமா, பத்தாவது. கண்ணு சரியா தெரியல."

"வெளக்கு வாங்கினத சொல்லல நீ."

அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், புத்தகம் என்றால் தினமும் ஒரே மாதிரி பேசவேண்டும். சாதம் வடிக்கும்போதும் துணி அலசும்போதும் நான் சொன்னதை நானே மனப்பாடம் செய்தேன். பத்து நாளில் கதை கெட்டியாகிவிட்டது. குழந்தையின் அம்மா ரயிலுக்கு ஓடிக்கொண்டே "படிக்கறாளா அத்த?" என்பாள். "ஜோரா படிக்கறா" என்பேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

ஒருநாள் குழந்தை ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்து, "இது இன்னா?" என்றது. 'மு' என்றேன். எனக்குத் தெரிந்த எழுத்து. விரலை நகர்த்தி நகர்த்திக் கேட்டது. எழுத்தைச் சொல்லிக்கொண்டே போனால் என் கதை அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மறுபடியும் கேட்டபோது மறுபடியும் திருப்பினேன். அப்புறம் அது எழுத்தைக் கேட்பதையே விட்டுவிட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை விரித்தாள். "முயல் தன் நண்பர்களுக்கு விருந்து வைக்க விரும்பியது" என்று படித்தாள்.

"தப்பு! தப்பா படிக்கற நீ" என்றது குழந்தை.

"இன்னாடி தப்பு?"

"முயலு நைட் ஷிஃப்டுக்குப் போச்சு. டோக்கன் குடுத்துச்சு. வெளக்கு வாங்கினுச்சு." ஒரு சொல் பிசகாமல் கடைசிவரை சொல்லி முடித்தது.

அவள் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "முயலுக்கு பி.எஃப். புடிச்சாங்களாமா அத்த?" அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

பொழுது சாய அவள் மட்டும் என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்த, உங்களுக்குப் படிக்க வருமா?"

கண்ணாடி மாற்றவேண்டும், வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. எழுத்தைக் கேட்பதை நிறுத்திவிட்ட அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது.

"ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் வந்துது. அதோட நின்னு போச்சு."

"எழுத்து தெரியுமில்ல?"

"தெரியும். சின்ன எழுத்தா நெருக்கமா இருந்தா கூட்டறதுக்குள்ள தடுமாறிப் போவுது."

"அப்ப புக்குதான் தப்பு" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன மாதிரி இல்லை. அளவு பிசகிய சட்டையை ஒதுக்கிப் போடுவதுபோலச் சொன்னாள். "வர ஞாயித்துக்கெழம கடைக்குப் போலாம். இந்த வாட்டி நீங்க படிச்சுப் பாத்து எடுங்க. உங்களுக்கு வர்ற புக்கா இருக்கணும்."

"கடையிலயா படிக்கச் சொல்ற?"

"கடையிலதான். வாங்கினு வந்தப்புறம் பாத்து இன்னா புரோஜனம்?" கதவுவரை போனவள் நின்றாள். "அப்பவும் தோதுப்படலன்னா, ப்ளே ஸ்கூல்தான் அத்த. கோச்சுக்காதீங்க."

அந்த வாரம் முழுக்க எனக்கு ரோஷமும் பயமும் மாறி மாறி வந்தன. சங்கத்துப் பெண்கள் யாராவது கடைக்கு வந்துவிட்டால்? போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். போனேன்.

தாயும் பிள்ளையும் கூடவே வந்தார்கள். கடையில் கூட்டம். கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். பளபளப்பானவற்றை எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் எழுத்து எறும்பளவு. இன்னொன்றில் படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்திருந்தார்கள். எது இலை, எது எழுத்து என்று தெரியவில்லை. மூன்றாவதில் எழுத்துகளுக்கு வால் வைத்து வளைத்திருந்தார்கள்.

"அலங்காரம் வேணாங்க. பக்கத்துக்கு ஒரு வரி, கருப்பா, பெருசா இருக்கறதா குடுங்க" என்றேன். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடித்தட்டிலிருந்து மெல்லிசாக ஒன்றை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். ஒரு கோழியைத் தேடும் கதை. மடியில் வைத்து, விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். "கோழி கூடையில் இல்லை." திருப்பினேன். "கோழி கூரையில் இல்லை." அடுத்த பக்கம் "கோழி கிண..." என்று நின்றுவிட்டேன்.

பின்னால் நோட்டு வாங்க வந்த யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். படத்தில் கிணறு இருக்கிறது. அதைப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாண்டியிருக்கலாம். கடைக்காரர் சொல்லித்தர வாயெடுத்தார். குழந்தையின் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். தானும் சொல்லவில்லை. நானே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு நின்றாள். எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள். அந்த வாய் திறக்காத உதவிக்குச் சமமாக இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

"கி... ண... ற்... ற... கோழி கிணற்றடியில் இல்லை."

"அப்ப எங்கதான் போச்சு?" என்றது குழந்தை.

கடைசிவரை படித்தேன். கோழி கட்டிலுக்கு அடியில் அடைகாத்துக்கொண்டிருந்தது. முடித்ததும் குழந்தை புத்தகத்தைப் பிடுங்கி முதலிலிருந்து திருப்பியது. முதல் எழுத்தில் விரலை வைத்து, "கோ" என்றது. அடுத்த பக்கம். "இங்கயும் கோ." அதற்கடுத்த பக்கம். "அத்த, இங்கயும் பாரு!"

நான் குழந்தையின் அம்மாவைப் பார்த்தேன். அவள் பர்ஸைத் திறந்துகொண்டே கடைக்காரரிடம், "இதே மாதிரி பெரிய எழுத்துல இன்னும் ரெண்டு எடுங்க. அத்த படிச்சுப் பாக்கட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு கொஞ்சம் சீக்கிரமே கொண்டாந்து வுடறேன் அத்த, மொத ஷிஃப்டு போட்டுட்டாங்க. நீங்க கதவ சாத்திக்காதீங்க" என்றாள்.