கிளட்ச் இல்லாத வண்டியும் வேலாயுதத்தின் முழங்காலும்

வேலாயுதத்துக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய இடது முழங்காலுக்கு அதைவிடப் பத்து வயது அதிகம். வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் இடையில் சுகமாக வாழ்ந்துவிட்ட கால் அது. இடது கால்தான் கிளட்ச் மிதித்தே தேய்ந்தது. சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரைக்காக மிதித்தது. ஜப்பான்காரன் காலத்தில் லாரியில் மிதித்தது. பிறகு சொந்த வண்டியில், சொந்தக் குடும்பத்துக்காக, விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் மிதித்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு வண்டி நகர்வதும் நிற்பதும் எத்தனை தடவை என்று தெரிந்தவர்களுக்கு அந்த முழங்காலின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய தொழிலுக்கு அரசாங்கத்தில் ஒரு பெயர் உண்டு, அவர் குடியிருந்த தேக்கா வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. அரசாங்கம் உரிமம் இல்லாத 'பைரேட் டாக்சி' என்றது. தேக்காவில் 'வேலாயுதண்ணன் வண்டி' என்றார்கள். காலையிலும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் எல்லாம் என் தங்கச்சி பிள்ளைகள் என்பார். அவர்களில் மூன்று சீனப் பிள்ளைகளும் ஒரு மலாய்ப் பிள்ளையும் உண்டு. போலீஸ்காரர் அந்தத் தங்கச்சியைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க விரும்பாமல் போகச் சொல்லிவிடுவார். சாயங்காலமானால் வெள்ளைக்காரப் பட்டாள முகாம்கள் இருந்த செம்பவாங்குக்கும் சிலேத்தாருக்கும் ஆள் ஏற்றுவார். வீடு திரும்பும்போது இடது காலைக் கையால் தூக்கித்தான் வண்டிக்கு வெளியே வைக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இனிமே என்னால கிளட்ச் மிதிக்க முடியாது தங்கம்" என்று மனைவியிடம் சொன்னார். இதற்கு அவர் எதிர்பார்த்த பதில், "போதுங்க, நீங்க ஓட்டினது போதும்" என்பது. அவர் சொன்னது பல மாதங்களாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம். தங்கம் ரசத்தை ஊற்றினாள். அடுத்த வாரம் வாசலில் கிளட்ச் இல்லாத கார் ஒன்று வந்து நின்றது.

கொண்டு வந்தவர், தங்கம் சொல்லி வைத்திருந்த சாகுல் ஹமீது. பழைய கார்களுக்குத் தரகர். வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த காலம் அது; கப்பல் ஏறும் ஒவ்வொரு துரையும் விட்டுப்போகிற காரும் குளிர்பெட்டியும் அவர் கை வழியாகத்தான் போயின.

"அண்ணே, சிலேத்தார்ல ஒரு ஆபீசரோட வண்டி. ஆட்டோமேட்டிக். கியர் தானா மாறும். நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்லா!"

சும்மா உட்காரத்தானே இத்தனை பாடு என்று வேலாயுதம் நினைத்துக்கொண்டார். காரைச் சுற்றி வந்தார். பழைய வண்டி வாங்கப்போகிற எவனும் குறை இருக்கக் கூடாதே என்று பயந்துகொண்டு பார்ப்பான். வேலாயுதம் குறை இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு பார்த்தார். இதில் ஒரு நல்ல பழுது கிடைத்தால், 'நான் என்ன செய்ய, வண்டி அமையல' என்று சொல்லிவிட்டுக் கௌரவமாக வீட்டில் உட்கார்ந்துவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஒன்பது பிள்ளைகள்.

இஞ்சினை ஓடவிட்டு, கியர் பெட்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். கருகல் நாற்றம் அடித்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். குங்குமம் கரைத்த மாதிரி சிவப்பாக, சுத்தமாக இருந்தது எண்ணெய். இரண்டாம் தடவையும் முகர்ந்தார், மனம் தளராமல்.

"என்னண்ணே, சாம்பாரா வாசம் பார்க்குறீங்க?" என்றார் சாகுல் ஹமீது.

"பாய், இதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியுமா?"

"அது முடியாதுண்ணே. ஆட்டோமேட்டிக்ல தள்ளினாலும் கிளம்பாது."

வேலாயுதத்தின் முகம் மலர்ந்தது. "கேட்டியா தங்கம்? பேட்டரி செத்தா நடுரோட்ல நிக்க வேண்டியதுதான். தள்ள முடியாத வண்டி நம்ம ஊருக்கு ஆகுமா?"

தங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பஃபலோ ரோட்டில் அவர்களுடைய பழைய வண்டி காலையில் எப்படிக் கிளம்பும் என்பது தெருவுக்கே தெரியும். வேலாயுதம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். விடியுமுன்னே எழுந்து புட்டு அவித்து விற்று முடித்த தங்கம், முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள்.

"இத்தனை வருஷமா தள்ளினது யாருங்க? இது தள்ளக் கூடாத வண்டியா பாய்? அப்ப இதையே பேசி முடிச்சிடுங்க."

"இரு, இரு. ஏத்தத்துல ஏறுதா பார்க்கணும்" என்றார் வேலாயுதம்.

டோபி காட்டுக்குப் பக்கத்தில் மவுண்ட் சோஃபியா ஏற்றம் இருக்கிறது. கியர் பெட்டி தளர்ந்த வண்டியாக இருந்தால் அங்கே இஞ்சின் மட்டும் கத்தும், சக்கரம் நகராது. மூன்று பேரும் புறப்பட்டார்கள். தங்கம் பின்னால் ஏறிக்கொண்டாள். முதல் சந்திப்பில் சிவப்பு விளக்கு. வேலாயுதத்தின் இடது கால், முப்பது வருஷப் பழக்கத்தில், கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது அகலமான பிரேக். வண்டி சுவரில் மோதியதுபோல் நின்றது. சாகுல் ஹமீதின் சொங்கோக் தொப்பி கண்ணாடியில் முட்டிக் காலடியில் விழுந்தது.

"அண்ணே! அந்தக் காலுக்கு இதுல வேலையே இல்ல. சம்மணம் போட்டு வச்சுக்குங்க!"

வேலையே இல்லை என்ற சொல் வேலாயுதத்தின் முழங்காலில் தைலம் மாதிரி இறங்கியது. ஆனால் அது காலுக்கு மட்டும் சொன்னது, ஆளுக்கு இல்லை. ஒரு கால் ஓய்வு பெற்றுவிட்டது, மற்ற ஐந்தரை அடி உடம்பு வேலைக்குப் போகிறது.

ஏற்றம் வந்தது. வண்டி குரலை உயர்த்திக் கத்தவில்லை, குலுங்கவில்லை. இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறங்கியதே தெரியவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டவன் படியேறுவது போல நிதானமாக ஏறி மேலே நின்றது. பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்தார்; பின்னால் ஒரு அடி சறுக்கவில்லை. வேலாயுதம் வாழ்நாளில் ஓட்டிய வண்டிகளிலேயே நம்பகமானது அதுதான். அவருக்கு அழுகை வந்தது.

ஏற்றத்திலிருந்து இறங்கும்போது சாகுல் ஹமீது எச்சரித்தார். "பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுடாதீங்கண்ணே. ஓடிக்கிட்டு இருக்கும்போது தப்பித்தவறி பின்கியர்ல தட்டிட்டா உள்ள எல்லாம் தூள்."

வேலாயுதத்தின் கை ஏற்கனவே கியர்த் தண்டின் மேல் இருந்தது. தப்பித்தவறி. என்ன அருமையான வார்த்தை. இடது கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதிக்கும் கிழவனுக்குக் கை மட்டும் தவறாதா? ஒரு தட்டு. அதோடு பிள்ளைகளும் இல்லை, செம்பவாங்கும் இல்லை. தரகருக்கு நஷ்டந்தான், பாவம். கேட்டால் வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

தங்கம் கவனிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தார்.

தங்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டி குலுங்காததால் எழுப்புவதற்கு ஒன்றும் இல்லை. கல்யாணமானதிலிருந்து பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. இப்படிப் பார்த்தபோது அவள் முகம் அவருக்குத் தெரிந்ததைவிட வயதானதாக இருந்தது. கியர்த் தண்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஆனால் வேலாயுதம் மகான் இல்லை. வண்டியைக் கெடுக்கத்தான் மனம் வரவில்லை. வண்டியைப் பற்றிப் பொய் சொல்ல வந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும், "கியர் நழுவுது பாய். எனக்குத் தெரியுது" என்றார்.

சாகுல் ஹமீது துள்ளினார். "என்னண்ணே சொல்றீங்க! வண்டி நெய்யில வுட்ட மாதிரி போச்சு!"

"உங்களுக்குத் தெரியாது. அது ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்."

ஒரு தரகரிடம் விலை கட்டாது என்று சொல்லலாம், நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். பெட்டி பழுது என்று தெருவில் நின்று சொன்னால் அது அவருடைய பெயரின்மேல் காறித் துப்புவது. "வாங்க, இப்பவே வாங்க" என்று இருவரையும் மறுபடி ஏற்றி, ஓவன் ரோட்டில் இருந்த சீன மெக்கானிக்கின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்த மெக்கானிக் ஒருவன்தான் அந்தப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்து பார்த்தவன். வண்டியைத் தூக்கி, அடியில் படுத்து, கியரை முன்னும் பின்னும் மாற்றச் சொல்லி, எண்ணெயைத் துணியில் தேய்த்துப் பார்த்தான். கடைசியில் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பாகுஸ்" என்றான். ரொம்ப நல்லது என்று அர்த்தம்; இரண்டு கட்டைவிரலையும் காட்டினான். "உனக்கு வேணாம்னா எனக்குக் கொடு" என்று மலாயில் சேர்த்துக்கொண்டான்.

சாகுல் ஹமீது வெற்றியோடு திரும்பினார். தங்கம் வேலாயுதத்தைத்தான் பார்த்தாள்.

"வண்டியில என்னங்க குறை? உண்மையைச் சொல்லுங்க."

பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் அது நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை.

"வண்டியில குறை இல்ல தங்கம். எனக்குத்தான்… களைப்பா இருக்கு. முழங்கால் மட்டும் இல்ல. மொத்தமா."

சாகுல் ஹமீது தொப்பியைக் கழற்றி, அதனுள்ளே எதையோ தேடுவதுபோல் பார்க்க ஆரம்பித்தார்.

"எனக்கு இல்லையா?" என்றாள் தங்கம். கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்பவனுக்கு மணி சொல்வதுபோல் சொன்னாள்.

வண்டியைக் கீழே இறக்கியதும் இரண்டு பேரும் அதன் பின்சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சீட்டு மெத்தென்று இருந்தது. துரைமார்கள் எதற்காக நாட்டை ஆண்டார்கள் என்பது அங்கே உட்கார்ந்தால் புரியும்.

"காலையும் மத்தியானமும் பிள்ளைங்கள ஓட்டுங்க" என்றாள் தங்கம். "சாயங்காலம் வேணாம். நானும் புட்டைப் பாதியாக் குறைச்சுக்கிறேன். வண்டியத் தள்ளுற வேலை மிச்சம்."

வேலாயுதம் யோசித்தார். பாதி ஓய்வு. கேட்டது முழுசு. ஆனாலும் கேட்காமலே இருந்த வருஷங்களைப் பார்க்கும்போது பாதி பெரிய விஷயந்தான்.

"ஆளுங்க வந்து கேப்பாங்களே? செம்பவாங் ஆளுங்க என்ன ஏதுன்னு கதவைத் தட்டுவானுங்க."

அது உண்மையான சிக்கல். தேக்காவில் கை கால் உள்ள மனிதன் சாயங்காலத்தில் சும்மா உட்கார்ந்தால் ஊர் விடாது. குடிக்கிறான் என்பார்கள். வியாதி என்று பேச்சுக் கிளம்பிவிட்டால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு வண்டி பார்த்துவிடுவார்கள். களைப்பு என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அந்த வார்த்தையை யாரும் வெளியே சொல்லி வழக்கமில்லை.

"கியர் பெட்டி தாங்காதுன்னு சொல்லிடுறேன்" என்றார் வேலாயுதம்.

"ஐயோ!" என்று தொப்பிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார் சாகுல் ஹமீது. "என் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்? யாரு இனி எங்கிட்ட ஆட்டோமேட்டிக் வாங்குவா?" அங்குமிங்கும் நடந்தார். நின்றார். தரகு மூளை வேலை செய்தது. "அண்ணே, பழுதுன்னு சொல்லாதீங்க. பழக்கம்னு சொல்லுங்க."

"என்ன பழக்கம்?"

"அத எங்கிட்ட விடுங்க."

வண்டி கைமாறியது. வேலாயுதம் காலையில் ஒன்பது பிள்ளைகளை ஏற்றினார், இடது காலை மடித்து வைத்துக்கொண்டு. சாயங்காலம் ஆனதும் வீட்டு வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை மண்ணெண்ணெய் டின் மேல் நீட்டிக்கொண்டார். செம்பவாங் ஆட்கள் வந்து, கார் பளபளவென்று நிற்பதையும் அவர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக் குழம்பினார்கள். அவர்களுக்கு விளக்கம் மூலைக் கோப்பிக் கடையில் கிடைத்தது.

"அது வெள்ளைக்காரன்கிட்ட வளர்ந்த வண்டிலா" என்று சாகுல் ஹமீது கோப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றியபடி சொன்னார். "துரை அஞ்சு மணிக்குக் கிளப்புக்குப் போய் உட்கார்ந்தா அதோட சரி. அந்தப் பெட்டி அதுக்குப் பழகிடுச்சு. சாயங்காலம் தொட்டா, குணம் கெட்டுடும். உசந்த வண்டி எல்லாம் அப்படித்தான்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இரும்புக்கு ஏது கிளப், ஏது துரை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்பதைவிட ஒரு மெஷினுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டென்று விளங்கியது.

எல்லாரும் போன பிறகும் பரமசிவம் மட்டும் உட்கார்ந்திருந்தார். துணிக்கடையில் கணக்கெழுதுகிறவர், தினமும் அந்தக் கடை அடைக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, பிறகு முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுப்பவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சாகுல் ஹமீதுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார்.

"பாய், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

"சரி."

"இருந்தாலும், அந்த மாதிரி வண்டி இன்னொண்ணு கிடைக்குமா?"